இல்லம் காப்போம்: அந்த இரவுக்கு ஒரு கைவிளக்கு



கடலோர ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் மடல் வரைந்திருக்கிறார். கணவர் அரபு நாட்டில் பணியாற்றுகிறார். இல்லத்தில் இருப்போர் அவரும், முதுமையால் தளர்ந்த மாமியும், சிறு பிள்ளைகள் மூவரும். சென்ற முறை விடுப்பில் வந்த கணவர், வெகு தொலைவுக்கு ஒளி பாய்ச்சும் டார்ச் லைட் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தாராம். வந்த அன்று மொட்டை மாடியில் நின்று பள்ளிவாசல் மினாராவின் மீது ஒளியை அடித்துக் காட்டினார். பிள்ளைகள் கைகொட்டி மகிழ்ந்தனர். பிறகு அது அலமாரிக்குள் போயிற்று. புயல் எச்சரிக்கை வந்து மின்சாரம் நின்றுபோன இரவில் எடுத்து அழுத்தியபோது எரியவே இல்லை. "மழைக்காலம் வருகிறது. நம்பத்தக்க டார்ச் லைட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தங்கள் பகுதியில் எழுதக் கூடாதா?" என்பது அச்சகோதரியின் கேள்வி.

நஹ்வும் ஸர்ஃபும் நடத்துகிறவனிடம் பேட்டரியைப் பற்றிக் கேட்பதா என்று சிலர் முறுவலிக்கலாம். ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதல் பாடமே தண்ணீரின் வகைகளைப் பற்றியதுதான். எந்த நீர் தூய்மையானது, எது ஒளூவுக்கு உதவும், எது உதவாது என்று அத்தனை நுணுக்கமாக ஆராய்ந்த பெரியோரின் வழிவந்தவர்கள், வீட்டு விளக்கைப் பற்றிச் சில பக்கங்கள் பேசுவதில் பிழையொன்றும் இல்லை.

நம் உம்மாமார் காலத்து அரிக்கேன் விளக்கை நினைத்துப் பாருங்கள். மக்ரிபுக்கு முன்பாகச் சிம்னியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது அன்றாட அலுவல். நாள்தோறும் எரிந்ததால் அவ்விளக்கின் குறை அன்றன்றே தெரிந்துவிட்டது. இன்றைய டார்ச் லைட்டோ ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டுமுறை மட்டுமே அழைக்கப்படுகிறது. அதன் குறை நமக்குத் தெரிய வருவதும் அந்த ஒருமுறைதான். சகோதரியின் கேள்விக்குரிய விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எவ்வளவு ஒளி வீசும் என்பது இரண்டாம் கேள்வி. பத்து மாதம் சும்மா கிடந்த பிறகும், இருட்டில் துழாவும் ஒரு கைக்கு அது பணியுமா என்பதே முதல் கேள்வி.

அந்த ஓர் இரவு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதை நம் ஊர்கள் அறியாதவை அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு மீண்டும் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. 2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டில் அப்பகுதி காணும் மழையைவிட இது மிகுதி. சாலை அறுந்தது, மின்சாரம் அறுந்தது, தொலைபேசியும் அறுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் இருளில் சிக்கித் தவித்தனர். இத்தகைய இரவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறதா, எத்தனை படி ஏறியிருக்கிறது, அதில் மிதந்து வருவது கட்டையா பாம்பா, வாசலில் கிடப்பது கயிறா மின்கம்பியா என்று பார்ப்பதற்கு வேண்டியது ஒரேயொரு விளக்கு. அது எரியவில்லை என்றால் மாமியைத் தாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது எப்படி?

மெழுகுவத்தி இருக்கிறதே என்பார்கள். உறங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்ததும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்று காரணம் கூறியதும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள செய்தி. கொசுவலை, துப்பட்டா, தரையில் உறங்கும் பிள்ளைகள், காற்றில் ஆடும் திரைச்சீலை ஆகியவற்றுக்கு நடுவே எரியும் சுடரை வைத்துவிட்டு அசதியில் கண்ணயர்வது எத்தகைய ஆபத்து என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. புயல் இரவில் தீயணைப்பு வண்டியும் வாராது.

கைப்பேசியில்தான் விளக்கு இருக்கிறதே என்பது மற்றொரு வாதம். அறைக்குள் செருப்பைத் தேட அது போதும். ஆனால் மின்சாரமற்ற இரவில் கைப்பேசியின் மின்னூட்டம் அமானிதம் போன்றது. மருத்துவரை அழைக்க, மீட்புப் படகுக்கு இருப்பிடம் சொல்ல, கடல் கடந்து தவித்துக்கொண்டிருக்கும் கணவருக்கு "நலமாக இருக்கிறோம்" என்று ஒரு சொல் அனுப்ப அது தேவை. அதை விளக்காக எரித்துத் தீர்ப்பது குடிநீரால் முற்றம் கழுவுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே தனியே ஒரு டார்ச் லைட் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்கள் செய்கிற ஒரு காரியத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். கடையில் கையில் எடுத்ததும் எதிர்ச்சுவரில் அடித்துப் பார்க்கிறார்கள். எது கண்ணைக் கூச வைக்கிறதோ அதை வாங்குகிறார்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் அந்த இரவில் வீட்டில் இருப்பதில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ சென்னைக் கடையிலோ இருப்பார். இருட்டில் அதைத் தேடப்போவது அவருடைய துணைவியாரின் கை, அல்லது தாயாரின் நடுங்கும் கை. எனவே அந்தக் கையை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். பொத்தானை அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். ஐந்து விதமான ஒளி, படபடவென்று மின்னும் விளக்கு, ஆபத்துக் குறி என்று அடுக்கடுக்காக மாறும் விளக்குகள் விற்கப்படுகின்றன. பதற்றத்தில் இருக்கும் மூதாட்டி ஒருவர் அழுத்தும்போது அது விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் கெட்டுவிட்டதென்றே அவர் எண்ணுவார். கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால், பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது மாமியும் எரிய வைத்து, பேட்டரியையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது எத்தனை உயர்ந்த விலையுடையதாயினும் அந்த வீட்டுக்குரிய விளக்கன்று.

இனி பேட்டரிக்கு வருவோம். டார்ச் லைட் வஞ்சிப்பது பெரும்பாலும் இங்கேதான். இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம்.

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, முள்ளை வெளியே தள்ளிச் சுவரில் செருகும் சார்ஜ் லைட். விலை குறைவான பலவற்றில் ஈயமும் அமிலமும் கொண்ட சிறு பேட்டரி இருக்கிறது. இதைத் தீர்ந்த நிலையில் போட்டு வைத்தால், உள்ளேயுள்ள ஈயத் தகடுகளின் மீது ஈய சல்பேட் என்னும் உப்பு படிகமாக இறுகிப்போகும். பிறகு எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் செருகினாலும் மின்னூட்டம் ஏறாது. ஏறினாலும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். எரிந்து தீர்ந்த அன்றே மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டும். பயன்படுத்தாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செருகியெடுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மலிவான இவ்வகை விளக்குகள் பலவற்றில் வீட்டு மின்சாரத்தைத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி கிடையாது. ஆகவே சுவரில் செருகியிருக்கும்போது அதன் உடைந்த மூடி வழியாகவோ திறந்த பகுதி வழியாகவோ விரல் பட்டால் வீட்டு மின்சாரத்தையே தொட்டது போலாகும். சார்ஜ் ஏறும்போது பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

சகோதரியின் கணவர் கொண்டு வந்தது லித்தியம் அயனி பேட்டரி உடையதாக இருக்கலாம். கைப்பேசியில் இருப்பதும் இவ்வகையே. நல்ல பேட்டரிதான், எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆயினும் அழுத்தும் மின்னணுப் பொத்தான் உடைய விளக்குகளில், அணைந்திருக்கும்போதும் மிகச் சிறிய அளவில் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். பாதி தீர்ந்த நிலையில் அலமாரிக்குள் போனால் ஓராண்டில் அடியோடு வறண்டிருப்பது வியப்பன்று. வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பலவகை விளக்குகளில் இக்கசிவு நின்றுவிடும். இவ்வகை பேட்டரிக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. மின்சாரம் நின்ற பிறகு தீர்ந்தால், கையில் பவர் பேங்க் இல்லாதவர் என்ன செய்வார்?

இதனால்தான் புயல் இரவுக்கென்று ஒதுக்கும் விளக்கு, கடையில் கிடைக்கும் சாதாரண செல்லைப் போட்டு எரிப்பதாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. பழைய மூன்று கட்டை டார்ச் லைட்டை வீட்டில் வைத்திருந்தோர் எளிதில் ஒப்புவர். செல் தீர்ந்தால் வேறு செல்; காத்திருக்கத் தேவையில்லை. பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

அதிலும் இரண்டு வகை உண்டு. மலிவான செல்லில் வெளிக்கூடே துத்தநாகத்தால் ஆனது. மின்சாரம் தரத்தர அந்தக் கூடே கரைந்து மெலிகிறது. தீர்ந்த பிறகும் விளக்குக்குள் விட்டுவைத்தால் கூட்டில் துளை விழுந்து நீர் கசிந்து, உள்ளிருக்கும் சுருள்கம்பியையும் தகட்டையும் அரித்துவிடும். ஆல்கலைன் என்று அச்சிட்ட செல் சற்று விலை கூடுதல்; ஆற்றலும் ஆயுளும் அதனினும் கூடுதல். உறை பிரிக்காமல் வைத்தால் நல்ல தயாரிப்புகள் பத்தாண்டு வரை தாங்கும். உறையில் எந்த ஆண்டு வரை என்று அச்சிட்டிருப்பார்கள். மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்து வாங்குங்கள். ஆல்கலைனும் கசியக்கூடியதே. ஆகையால் மழைக்காலம் முடிந்ததும் செல்லைக் கழற்றி, விளக்கோடு சேர்த்து ஒரு பையில் கட்டி வைப்பதே பாதுகாப்பு. பழைய செல்லையும் புதிய செல்லையும் ஒன்றாகப் போடாதீர்கள். வலுவிழந்ததை வலுவுள்ளது எதிர்த்திசையில் உந்தி, கசிய வைத்துவிடும். "ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் போதும்" என்று சிக்கனம் பேசுவோர் வீட்டில்தான் விளக்குகள் அரித்துப் போகின்றன.

ஒளியின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லூமன் என்பது ஒளியின் மொத்த அளவைக் குறிக்கும் அலகு. நடைபாதைக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் உள்ளங்கையளவு விளக்கின் அட்டையில் 10,000 லூமன், 50,000 லூமன் என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைக் காணலாம். நம்பாதீர்கள். எளிய கணக்கு ஒன்று போதும். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட் மின்சாரத்தில் ஏறத்தாழ 100 லூமன் ஒளி தரும். 10,000 லூமன் வேண்டுமானால் 100 வாட் வேண்டும். உள்ளங்கையளவு பேட்டரி அதை எத்தனை நிமிடம் தாங்கும்? அந்தச் சூட்டில் கையில் பிடிக்கத்தான் முடியுமா? பேட்டரியிலும் இதே பொய்தான். 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 என்னும் லித்தியம் செல், நல்ல நிறுவனத் தயாரிப்பில் 2,500 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். அதே செல்லின் மீது 9,900 என்று அச்சிட்டிருந்தால் அச்சிட்டவர் அல்லாஹ்வுக்கு அஞ்சவில்லை என்று பொருள். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்தோரைத் திருமறை எத்துணை வன்மையாகக் கண்டிக்கிறது என்பதை அவ்வணிகர்கள் அறியார் போலும்.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? அறைக்குள் நடமாட 10 லூமன் தாராளம். முற்றத்துக்கும் தெருவுக்கும் 50 முதல் 100. வெள்ளத்தில் தொலைவில் பார்க்க 200, 300. பழைய இரண்டு கட்டை பல்பு டார்ச் தந்தது ஏறத்தாழ 20 லூமன்தான். அதை வைத்துக்கொண்டு நம் பெரியவர்கள் வயல்வரப்பில் நடந்தார்கள். ஒளி நான்கு மடங்கு ஆனால்தான் கண்ணுக்கு இரு மடங்குபோல் தோன்றும். ஆனால் பேட்டரியோ நான்கு மடங்கு விரைவாகத் தீரும். மேலும், இருளுக்குக் கண் முழுதும் பழக 20, 30 நிமிடங்கள் ஆகும். ஒரு நொடி கடுமையான ஒளி பட்டால் அந்தப் பழக்கம் அழிந்து, விளக்கு அணைந்ததும் முன்னிலும் குருடாகி நிற்போம்.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவுகோல் இதுதான்: மக்ரிப் முதல் ஃபஜ்ர் வரை. கார்த்திகை மாதத்தில் நம் பகுதியில் அது ஏறத்தாழ 11 மணி நேரம். அவ்வளவு நேரமும் இடைவிடாது, மாடிப்படி தெரியும் அளவுக்கு எரியும் விளக்கே அடைக்கல விளக்கு. 30 லூமன் அளவில் எரியும் விளக்குக்கு அரை வாட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். இரண்டு ஆல்கலைன் பென்சில் செல் அந்த அளவில் ஓர் இரவைத் தாங்கும். இரண்டு பெரிய ஆல்கலைன் கட்டைகள் ஒரு வாரத்து இரவுகளைத் தாங்கும். மலிவான துத்தநாகக் கட்டைகள் அதில் பாதியும் தாங்கா. 1,000 லூமனில் எரியும் லித்தியம் விளக்கோ தஹஜ்ஜுத் வரை அன்று, இஷா வரை தாங்கினாலே பெரிது. வாங்கிய வாரத்திலேயே ஒருநாள் மக்ரிபுக்கு எரியவிட்டு, இஷாவில் ஒருமுறை, உறங்கப் போகுமுன் ஒருமுறை, ஃபஜ்ரில் ஒருமுறை பாருங்கள். அட்டையில் எழுதியிருப்பது உண்மையா என்பது வெளுத்துவிடும்.

அட்டையைப் பார்த்து வாங்குவோருக்கு ஒரு துணை உண்டு. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல். 1 என்ற தரக்கட்டளையை வகுத்தார்கள். அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் ஒளியின் அளவு, தொலைவு, எரியும் நேரம், நீர் தாங்கும் திறன் ஆகியவற்றைச் சிறு படக்குறிகளாக அச்சிடும். அதிலும் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். எரியும் நேரம் என்பது முழு ஒளியோடு எரியும் நேரமன்று. தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம். 200 மீட்டர் தொலைவு என்றால், அவ்விடத்தில் விழும் ஒளி ஏறத்தாழப் பதினான்காம் பிறையின் நிலவொளி அளவுக்கே இருக்கும். அங்கே நிற்பவர் யாரென்று தெரிய வேண்டுமானால் பாதித் தொலைவு என்று கொள்ளுங்கள்.

நீரைப் பொறுத்தவரை, ஐ.பி.எக்ஸ் 4 என்றால் மழைத்தூறல் தாங்கும், ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். வெள்ளம் வரும் ஊரார் இரண்டாவதை வாங்குவது நல்லது. செல்லைக் கழற்றிவிட்டு உள்ளே காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுங்கள். காகிதம் நனைந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. திருகும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைவிளக்கோடு நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்றும் இருப்பது பேருதவி. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மாமியின் கை என்று இருப்பவர் டார்ச்சை எங்கே பிடிப்பார்? நம் ஜமாஅத்துகளுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஓர் இரவில் கப்ரினுள் இறங்கியபோது அவர்களுக்காக விளக்கு ஏற்றப்பட்டதென்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு காணப்படுகிறது. மழை இரவில் மையித்தை அடக்கம் செய்யும்போது மேலே நிற்பவர்கள் ஆளுக்கொரு கைப்பேசியை நீட்ட, உள்ளே இறங்கியவர்களின் கண்ணில் ஒளியும் கப்ரில் நிழலும் விழும் அவலத்தை நாம் காண்கிறோம். சந்தூக்கு வைக்கும் அறையில் நெற்றி விளக்கு இரண்டு இருந்தால் இறங்குபவர் பார்க்கும் இடத்தில் ஒளி விழும்.

ஹஜ்ஜுக்குச் செல்வோரும் டார்ச் லைட்டைப் பற்றி வினவுவதுண்டு. முஸ்தலிஃபாவில் திறந்த வெளியில் இரவு தங்கிக் கொண்டைக்கடலையளவு கற்களைப் பொறுக்கவும், உறங்குவோரை மிதிக்காமல் கழிப்பறைக்குச் சென்று திரும்பவும் ஒரு சிறு விளக்கு வேண்டும். அங்கே பெரிய விளக்கு பிறருக்குத் துன்பம். மங்கலான ஒளி உடையதே சிறந்தது. தனியே எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரியையும் பவர் பேங்க்கையும் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விமான விதி. முனைகள் ஒன்றையொன்று தொடாதவாறு தனித்தனிப் பையிலிடுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் சகோதரர்களுக்கும் இது பொருந்தும்.

வாங்கியாயிற்று என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும். அலமாரி அதன் இடமன்று. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் ஆணி, அதில் விளக்கு. பக்கத்தில் இருளில் ஒளிரும் ஒட்டுத்தாள் ஒரு துண்டு. பிள்ளைகள் விளையாட எடுத்தால் அங்கேயே திரும்ப வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். மாதந்தோறும் சரிபார்க்க நமக்கு நாட்காட்டி தேவையில்லை. பிறை பார்க்க மொட்டை மாடிக்கு ஏறும் மாலையில் விளக்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிறையைக் கண்டு துஆ ஓதிய பின் ஒருமுறை எரியவிட்டு, ஐந்து நிமிடம் பார்த்து, அணைத்து ஆணியில் மாட்டிவிட்டால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அதன் உடல்நலம் தெரிந்துவிடும். சார்ஜ் லைட்டையும் அன்றே செருகிவிடலாம்.

மின்சாரம் நின்ற இரவில் விளக்கைத் தரையில் நிமிர்த்தி வைத்து ஒளியை வெள்ளைக் கூரையின் மீது பாய்ச்சினால் அறை முழுவதும் மென்மையான ஒளி பரவும். ஓட்டு வீடாயின், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் புட்டியின் அடியில் விளக்கை வைத்தால் புட்டியே லாந்தராகிவிடும்.

ஒன்று மட்டும் தாய்மார்களிடம் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சாவிக்கொத்தில் தொங்கும் சிறு விளக்குகளிலும் பிள்ளைகளின் விளையாட்டு விளக்குகளிலும் பொத்தான் வடிவ பேட்டரி இருக்கிறது. அதன் மூடி திருகாணி இல்லாமல் நகத்தாலேயே திறக்குமாயின் அதை வீட்டில் வைத்திருக்காதீர்கள். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்தசையை அரிக்கத் தொடங்கிவிடும். எச்சில் வடிதல், உண்ண மறுத்தல், இருமல் தவிர வெளியே வேறு அடையாளம் தெரியாமலும் போகலாம். விழுங்கியிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்கச் செய்யாமல், மறுநாள் மலத்தில் வந்துவிடும் என்று காத்திராமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்நேரமே கொண்டு செல்லுங்கள். அதே வகை பேட்டரி இன்னொன்று வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் காட்டக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.